யார் மாற்றிய தண்ணீர்?

“நாலு மணிக்கு வாங்க. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுங்க” என்று பல்லம்மா தொலைபேசியில் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்ற மகள் கேட்டுவிட்டாள். போன வாரம் அங்கேதான் நிறுத்தினோம். அந்த நாலு மணி இன்றைக்கு வருகிறது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. பல்லம்மா என்பது தெரு வைத்த பெயர். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல்செட் செய்து கொடுக்கிற லேப்பில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. மிச்ச வேலையை வீட்டுக்கும் தூக்கி வருவதால், சாப்பாட்டு மேசையில் எப்போதும் யாருடைய கீழ்த்தாடையாவது உட்கார்ந்திருக்கும். கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரையே ஏற்றி இறக்குகிற மனிதர், வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். அப்படியே திறந்தாலும் மீனைப் பற்றித்தான் பேசுவார்.

மீன் என்றால் கெளுத்தி. சந்தையில் கூறு கட்டி விற்கிறார்களே, அது அல்ல. அதற்குத் தூரத்துச் சொந்தக்காரர்கள், கண்காணாத ஆறுகளிலிருந்து வந்தவர்கள். முன்னறைச் சுவரோரம் நாலரை அடித் தொட்டி. அதில் வயிற்றை மேலே காட்டியே வாழ்நாள் முழுக்க நீந்துகிற ‘தலைகீழான்’ மூன்று. காய்ந்த இலை மாதிரி மணலில் கிடந்து, செத்துவிட்டதோ என்று நம்மைத் தினமும் பயமுறுத்துகிற ‘சருகு’ ஒன்று. கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ‘வரிக்குதிரை’ ஐந்து. இந்தக் கடைசி ஐந்தும் எளிதில் கிடைக்காத சாதி. அவற்றைக் குஞ்சு பொரிக்க வைக்கவேண்டும் என்று லிஃப்ட்காரர் ஆறு வருடமாக முயன்றார். கெளுத்தி மசியவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் பல்லம்மாவின் பிளாஸ்டர் பொடி தொட்டியில் விழுந்து ஒரு மீன் செத்தது. பேச்சு தடித்தது. “இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இந்த மீன் இருக்கணும். எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க” என்றார் பல்லம்மா. உலகத்தில் எந்தப் புருஷனும் இரண்டில் ஒன்றைச் சொல்லியிருப்பான். லிஃப்ட்காரர் இரண்டு சட்டையையும் கருவிப் பையையும் எடுத்துக்கொண்டு தானே வெளியேறிவிட்டார். மனைவியும் இங்கே, மீனும் இங்கே.

அப்படியென்றால் அவர் எதைத் தேர்ந்தெடுத்தார்? மூன்று மாதமாகப் பல்லம்மாவைத் தூங்கவிடாத கேள்வி இதுதான். போனவர் பக்கத்துப் பேட்டையில் ஒரு மாடி அறையில் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். மகளுக்கு இன்னொன்றும் தெரியும். அப்பா என்றாவது திரும்பி வருவார் என்றால் இந்தத் தொட்டியை முன்னிட்டுத்தான் வருவார். அதையும் இன்று விற்றுவிட்டால் அவர் வருவதற்கு என்று ஒரு சாக்குகூட மிஞ்சாது.

காலையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடித்தார்கள். நடுவில் யாரோ ஒரு பெரியவரின் மேல்வரிசைப் பல் சிரித்துக்கொண்டிருந்தது. மகள் தொட்டியைப் பார்த்தாள். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் பல்லம்மா பார்வையைத் திருப்பிக்கொண்டார். இருவரும் பார்த்தது ஒரே இடத்தைத்தான். தொட்டியின் மூலையில் மண்ணால் செய்த குழாய் போன்ற குகை ஒன்று இருக்கிறது. வரிக்குதிரையில் பெரியவன் அதற்குள் போய் ஒன்பது நாள் ஆகிறது. வெளியே வரவில்லை, ஒரு வாய் தின்னவும் இல்லை.

காரணம் தனக்குத் தெரியும் என்று மகள் நினைத்தாள்.

அப்பா போன மறுநாளே அம்மா ஒரு சட்டம் போட்டிருந்தார். யாருடைய மீனோ அவரே வந்து பார்த்துக்கொள்ளட்டும், இந்த வீட்டில் ஒருத்தர் கையும் தொட்டிப் பக்கம் போகக்கூடாது. சட்டத்தைக் கேட்டுத் தலையாட்டிய மகள், வந்த புதன்கிழமையே அதை மீறினாள். அவள் பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடுகிறவள். எந்த வண்டி எந்த நிமிடம் எங்கே நிற்கும் என்று கணக்கிடுகிறவளுக்கு, அம்மா எப்போது வீட்டில் இருக்க மாட்டார் என்று கணக்கிடுவதா கஷ்டம்? புதன் காலை அவளுக்கு வேலை பன்னிரண்டுக்குத்தான். அம்மா எட்டரைக்கு லேப்புக்குப் போய்விடுவார். மூன்று வாளி பழைய தண்ணீரை உறிஞ்சி வெளியே விட்டு, மூன்று வாளி புதுத் தண்ணீர் ஊற்றிவிடுவாள். அப்பா அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறாள்.

பார்த்திருக்கிறாளே தவிர, முழுதாகப் பார்க்கவில்லை. புதுத் தண்ணீரை அப்பா வாளியிலேயே சூடேற்றிவிட்டு ஊற்றுவார் என்பது அவளுக்குத் தெரியாது. போன வாரம் புதன்கிழமை ஊற்றி முடித்துவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டபோதுதான் சில்லென்று இருந்தது. அன்று மீன்களெல்லாம் பேய் பிடித்ததுபோல ஓடின. அன்றைக்குப் போனவன்தான் குகைக்குள்.

‘நான்தான் கொன்னுட்டேன்’ என்று முடிவே கட்டிவிட்டாள். கட்டியதை யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் சட்டத்தை மீறிய குற்றம். அப்பாவிடம் சொன்னால் மீனைக் கொன்ற குற்றம். மென்று விழுங்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

வேலை ஓடவில்லை. பதினேழாம் எண் வண்டியை ஒரே நேரத்தில் இரண்டு முனையிலிருந்தும் புறப்பட வைத்துவிட்டாள். மேலாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு வண்டி இரண்டாக எப்படிம்மா பிரியும் என்று சாந்தமாகக் கேட்டார். அவள் மதியத்துக்கு மேல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அப்பாவைத் தேடிப் போனாள்.

லிஃப்ட்காரர் ஒரு பத்து மாடி அலுவலகத்தில் இருந்தார். கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்திருந்தது, பெட்டி இல்லை. குழிக்குள்ளிருந்து முதலில் ஒரு ஸ்பேனர் வந்தது, பிறகு தலை வந்தது. மகளைக் கண்டதும் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது.

இன்றைக்கு நாலு மணிக்கு அம்மா மீனை விற்கிறார் என்று மகள் சொன்னாள். இடி விழும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் விழவில்லை. அவர் கந்தைத் துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தார்.

“உங்கம்மா முடிவு பண்ணிட்டா சரிதான்.”

“யார் வாங்கறாங்கன்னுகூடக் கேக்க மாட்டீங்களாப்பா?”

“யார் வாங்கினா என்ன? பாத்துக்கறவனா இருந்தா போதும்.” துடைத்த கையையே மறுபடி துடைத்தார். “வலை போட வேணாம்னு சொல்லு. துடுப்புல முள்ளு இருக்கு, வலையில மாட்டிக்கிட்டா கிழிஞ்சுடும். டப்பாவுல மொண்டுதான் எடுக்கணும்.”

இத்தனை வருடம் பிள்ளை மாதிரி வளர்த்தவர் பேசுகிற பேச்சா இது? மகளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மூன்று மாதமாகக் கேட்காததை அங்கேயே நின்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு ஏன் வீட்டை விட்டுப் போனீர்கள்?

லிஃப்ட்காரர் குழியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

“ரெண்டுல ஒண்ணுன்னு சொல்லிட்டா. எதைச் சொன்னாலும் இன்னொண்ணு வெளிய போகணும். நான் வெளிய வந்துட்டா ரெண்டுமே வீட்ல இருக்கும்ல?”

இதைச் சொல்லிவிட்டு, மிகச் சாதாரணமான ஒரு கணக்கைச் சொன்னவர் போல ஸ்பேனரைத் தேடினார். மகளுக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. இதை அம்மாவிடம் சொல்லியிருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்குமே என்றாள். அவள் கேட்கவில்லையே என்றார் அவர். கேட்டால்தான் சொல்வீர்களா என்றாள். அதற்குள் மேலேயிருந்து யாரோ கூப்பிட, இதோ வந்துவிட்டேன் என்று அவர் குழிக்குள் இறங்கிவிட்டார். குகைக்குள் கிடக்கும் பெரியவனைப் பற்றி அவள் சொல்லவே இல்லை.

வீட்டுக்கு வரும்போது நாலாகப் பத்து நிமிடம். பல்லம்மா அரைநாள் விடுப்பில் வந்து, தொட்டியைப் பார்க்காதபடி முதுகைக் காட்டிக்கொண்டு பல்லைத் தேய்த்து மெருகேற்றிக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்தேன் என்று சொல்ல மகள் வாயெடுத்தாள். வாசலில் மணி அடித்தது.

வந்தவர் தொட்டிக்காரர். வண்ணமீன் கடை வைத்திருப்பவர், பத்து வருடமாக லிஃப்ட்காரருக்குப் பழக்கம், அந்த உரிமையில் பல்லம்மாவை அண்ணி என்பார். மீனை வாங்க ஓர் ஆள் இருக்கிறார் என்று சொன்னதும் அவர்தான். மூடி போட்ட டப்பாக்களும் ஒரு டார்ச்சும் கொண்டுவந்திருந்தார். முகம் மட்டும் திருடப் போன இடத்தில் விருந்துக்கு உட்கார்ந்தவன் போல இருந்தது. தண்ணீர் வேண்டுமா என்றால் வேண்டாம் என்றார், உட்காருங்கள் என்றால் நிற்கிறேன் என்றார்.

தலைகீழான் மூன்றும் டப்பாவுக்குப் போயின. சருகைக் கண்டுபிடிக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. பிறகு அவர் குகைப் பக்கம் குனிந்து டார்ச் அடித்தார். அடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“செத்துடுச்சா?” என்று இரண்டு குரல் ஒரே நேரத்தில் கேட்டது. அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தொட்டிக்காரர் டார்ச்சை மகள் கையில் கொடுத்தார். அவள் மண்டியிட்டுப் பார்த்தாள். குழாயின் வாயை அடைத்துக்கொண்டு பெரியவன் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், வெளிச்சம் பட்ட இடத்தில், மஞ்சள் வயிறும் நூல் மாதிரி வாலுமாக ஏதோ துடித்தது. ஒன்றல்ல, ஏழெட்டு.

“குஞ்சு பொரிச்சிருக்கான் அண்ணி. ரெண்டு மூணு நாள்தான் ஆகியிருக்கும்.”

“பொரிச்சிருக்கானா? அது ஆம்பளைன்னுல்ல சொல்வாரு?”

ஆண்தான் என்றார் தொட்டிக்காரர். பெண் முட்டையிட்டதோடு சரி, போய்விடும். அன்றிலிருந்து பட்டினி கிடந்து விசிறிக் காப்பதெல்லாம் இவன்தான். இப்போது கையை வைத்தால் மிரண்டுபோய்க் குஞ்சுகளைத் தள்ளிவிடுவான். இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு இந்தத் தொட்டியிலிருந்து இவனை எடுக்கவே முடியாது. இப்படியும் ஓர் ஆம்பளையா என்று பல்லம்மா முணுமுணுத்தார். அது பாராட்டா, வேறு யாரையோ சொன்னதா என்று தெரியவில்லை.

“அண்ணன் ஆறு வருஷமா தலைகீழா நின்னு பாத்தாரு. நடக்கல. ஆத்துல மழைக்காலம் வந்த மாதிரி தண்ணி குளிரணும், உப்பு குறையணும், அடிக்கடி மாறணும். அப்பதான் இதுங்களுக்கு அந்த நெனப்பே வரும்.” டார்ச்சை அணைத்துவிட்டு அவர் கேட்டார். “யார் தண்ணி மாத்தினது?”

யாரும் தொடவில்லை என்றார் பல்லம்மா. சொன்ன வேகமே சரியில்லை.

இனி மறைத்துப் பயனில்லை என்று மகள் ஒப்புக்கொண்டாள். புதன்கிழமைதோறும் தானே மாற்றியதாகவும், சூடேற்றத் தெரியாமல் குழாய்த் தண்ணீரைப் பிடித்துவைத்து அப்படியே ஊற்றியதாகவும் சொன்னாள். அம்மா திட்டப் போகிறார் என்று காத்திருந்தாள். தொட்டிக்காரர்தான் தலையைச் சொறிந்தார். புதன் மட்டும் என்றால் போதாதே, உங்கள் குழாய்த் தண்ணீர் உப்பாயிற்றே, வேறு யாரோ நல்ல தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டுமே என்றார்.

பல்லம்மா கையிலிருந்த பல்லைத் துணியில் சுற்றினார். மறுபடி பிரித்தார்.

“சனிக்கிழமை இவ டியூட்டிக்குப் போயிடுவா. பிளாஸ்டர் கலக்கறதுக்கு லேப்புலேர்ந்து உப்பில்லாத தண்ணி கேன்ல வருதுல்ல, அதுல ரெண்டு கேன். பாவம், வாயில்லாத ஜீவன்னு.”

மகளுக்குச் சிரிப்பு வந்தது. மீனுக்குத் தான் போட்டுவந்த, ஃப்ரீசரில் இருந்த புழுப் பொட்டலம் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது என்பதும் விளங்கியது. குளிரில் சுருங்குகிறது போலும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சட்டம் போட்டவரும் மீறினார், சட்டத்துக்குத் தலையாட்டியவளும் மீறினாள். ஒருத்தி ஊற்றிய குளிர்ந்த தண்ணீரும் இன்னொருத்தி ஊற்றிய நல்ல தண்ணீரும் சேர்ந்து, எங்கோ இருக்கிற ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டதாக ஒரு கெளுத்தியை நம்பவைத்துவிட்டன. கைதேர்ந்தவருக்கு ஆறு வருடத்தில் நடக்காதது, தெரியாத இரண்டு பேர் திருட்டுத்தனமாகச் செய்ததில் நடந்துவிட்டது.

பல்லம்மாவின் முகத்தில் மூன்று மாதமாக இல்லாத ஒரு வெளிச்சம். அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். வாங்குகிறவரிடம் பன்னிரண்டு நாள் பொறுக்கச் சொல்லவேண்டுமே, அவர் ஒத்துக்கொள்வாரா?

“அண்ணன் ஒத்துக்குவாரு” என்றார் தொட்டிக்காரர். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தார்.

எந்த அண்ணன் என்று பல்லம்மா கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. தொட்டிக்காரர் தானாகவே கொட்டிவிட்டார். நீங்கள் விற்கப் போவதாகச் சொன்னதும் அண்ணனிடம்தான் முதலில் போய்ச் சொன்னேன், தன் பேர் வெளியே வரக்கூடாது என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார், நான் என்ன செய்வேன் என்றார். அவர் தங்கியிருக்கிற அறையில் தொட்டியெல்லாம் தயாராக இருக்கிறது, ஆறு வாரமாக ஓடுகிறது என்றும் சேர்த்தார்.

“ஆறு வாரமா? மீன் இல்லாமலா?”

“வெறும் தண்ணிதான் அண்ணி. மோட்டார் ஓட ஓடத்தான் தண்ணி மீனுக்குப் பழகும். டெய்லி சாயந்தரம் முன்னால உக்காந்திருப்பாரு.”

மகளுக்கு எல்லாம் கலங்கிப் போயிற்று. மதியம் குழி விளிம்பில் உட்கார்ந்து, இரண்டும் வீட்டில் இருக்கட்டும் என்றவர்தானே? ஆறு வாரத்துக்கு முன்னாலேயே அங்கே தொட்டி வைத்தவர், இங்கே திரும்புகிற எண்ணத்தில் வைத்திருப்பாரா? எதை நம்புவது? மதியம் கேட்டதை அம்மாவிடம் சொல்லலாமா, சொன்னால் நம்புவாரா?

பல்லம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டிருந்தது.

“அப்ப மீனைத்தான் எடுத்துக்கிட்டாரு” என்றார்.

“இல்லம்மா. அப்பா இன்னிக்கு...”

“நீ சும்மா இரு.” அவர் குரல் உயரவில்லை. “மூணு மாசமா நான்தான் முட்டாள் மாதிரி யோசிச்சுட்டிருந்தேன். போன் போடுங்க. பன்னெண்டு நாள் கழிச்சு வந்து எடுத்துக்கச் சொல்லுங்க. நான் அன்னிக்கு வீட்ல இருக்க மாட்டேன்.”

தொட்டிக்காரர் எண்ணை அழுத்தினார். கை எப்போதும் ஈரமாக இருப்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், அந்தப் பழக்கத்தில் போனை மேசையில் வைத்தார். ஒரே மணியில் மறுமுனை எடுத்தது.

“என்னப்பா, ஏத்தியாச்சா? வலை போடலியே?”

தொட்டிக்காரர் வாயைத் திறந்தார். பல்லம்மா கையை உயர்த்தித் தடுத்தார். முப்பத்தோரு வருடம் கேட்ட குரலை மூன்று மாதம் கழித்துக் கேட்கிறார்.

“பேச மாட்டேங்கற? பக்கத்துல இருக்காங்களா?” லிஃப்ட்காரரின் குரல் தாழ்ந்தது. “சரி, மீனை விடு. அவ இளைச்சிருக்காளா? என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?”

பல்லம்மா போனைத் தன் பக்கம் இழுத்தார்.

“இன்னும் கேக்கல” என்றார். “நேர்ல வந்தா கேப்பா.”

மறுமுனையில் ஏதோ இரும்புச் சாமான் தரையில் விழுந்து உருண்டது. அத்தோடு தொடர்பு அறுந்தது.

பல்லம்மா போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார்.

“வெச்சுட்டாரு” என்ற பல்லம்மா மகள் பக்கம் திரும்பினார். கண் நிறைந்திருந்தது. “வராருன்னு அர்த்தமாடி, வரலைன்னு அர்த்தமா?”